ஏலத்துக்கு வந்த வீரக் கப்பல்

36 ஆண்டு சேவை செய்த 'விக்ராந்த்'
பாய்லரில் விரிசல் விழுந்த நிலையிலும் யுத்தத்துக்குப் போனது!

மனிதனுக்கு வயது ஆனால் ஓய்வு கொடுக்கிறார்கள். யுத்தக் கப்பலுக்கு வயது ஆனால் என்ன செய்கிறார்கள்?

அதற்கும் ஓய்வு உண்டு. ஒரு நாள் குறிப்பார்கள். மாலுமிகள் வெள்ளை உடை அணிந்து வரிசையாக நிற்பார்கள். சூரியன் மறையும் நேரத்தில் ஊதுகுழல் ஒலிக்கும். கப்பலில் பறக்கும் கொடி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அந்தக் கொடி மறுநாள் காலையில் ஏறாது. அந்த நிமிடத்தோடு அது யுத்தக் கப்பல் அல்ல, வெறும் இரும்பு.

இந்தியாவின் முதல் விமானம் தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்' 1997-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இப்படி ஓய்வு பெற்றது. ஆனால் அதன் கதை அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் அதை வைத்துக்கொள்வதா, உடைப்பதா என்ற கேள்வி நீடித்தது. கடைசியில் ஏலம் போட்டார்கள். 1971 யுத்தத்தில் எதிரிகள் தேடித் தேடிப் பிடிக்க முடியாத கப்பல், சுமார் 60 கோடி ரூபாய்க்கு விலை போயிற்று.

மிதக்கும் விமான நிலையம்

எம்.ரெட்டியபட்டியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமே வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால், அதுதான் அங்கே கடல். இப்படிப்பட்ட ஊர்களில் இருந்தும் கடற்படைக்குப் பிள்ளைகள் போகிறார்கள். கடற்படையில் சேருவதற்குக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

கடலைப் பார்க்காதவருக்கு விமானம் தாங்கிக் கப்பலைப் பற்றி எப்படிச் சொல்லுவது?

விக்ராந்த் கப்பலின் நீளம் 213 மீட்டர். அதாவது 700 அடி. மேல்தட்டு மைதானம் போலத் தட்டையாக இருக்கும். அதுதான் விமானங்கள் ஓடும் பாதை. அதன் அடியில் விமானங்களை நிறுத்தி வைக்கப் பெரிய கூடம். அதற்கும் கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கும் ஒரு சிற்றூர். அங்கே சமையல் கூடம் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் கப்பலின் உயிரான பாய்லர்கள். அவை மொத்தம் நான்கு.

தரையில் விமானம் கிளம்ப நீண்ட பாதை வேண்டும். கப்பலில் அவ்வளவு இடம் ஏது? அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். சோளக் கொல்லையில் குருவி விரட்டுகிறவர் கவணில் கல்லை வைத்து வீசுவார் அல்லவா? அதே போல, நீராவியின் பலத்தால் விமானத்தை முன்னே வீசி எறியும் இயந்திரம் அந்தக் கப்பலில் இருந்தது. திரும்பி வரும் விமானத்தின் வால் பக்கம் ஒரு கொக்கி இருக்கும். தளத்தின் குறுக்கே எஃகுக் கயிறுகள் கட்டி இருப்பார்கள். கொக்கி கயிற்றில் மாட்டும். விமானம் சில விநாடிகளில் நின்று விடும். கொக்கி மாட்டவில்லை என்றால், விமானி உடனே மறுபடியும் மேலே எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் எதிரே கடல்தான்!

பாதியில் நின்ற கப்பல்

விக்ராந்த் இந்தியாவில் பிறந்த கப்பல் அல்ல. இங்கிலாந்தில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1943-ம் ஆண்டு அதைக் கட்டத் தொடங்கினார்கள். அப்போது அதற்கு வைத்த பெயர் 'ஹெர்குலிஸ்'. 1945-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி அது தண்ணீரில் இறங்கியது. ஆனால் அதற்குள் யுத்தம் முடிந்து விட்டது. யுத்தம் இல்லை, ஆகவே யுத்தக் கப்பலும் தேவை இல்லை என்று வேலையை நிறுத்தி விட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் அது பாதிக் கப்பலாகவே கிடந்தது.

1957-ம் ஆண்டு இந்தியா அதை விலைக்கு வாங்கியது. பெல்பாஸ்ட் நகரில் மீதி வேலையை முடித்தார்கள். 1961-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி அங்கேயே இந்தியக் கொடி ஏறியது. அப்போது இங்கிலாந்தில் இந்திய ஹை கமிஷனராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் விழாவில் கலந்து கொண்டார். அதே ஆண்டு நவம்பர் 3-ந் தேதி கப்பல் பம்பாய்க்கு வந்தது. பிரதமர் நேரு நேரில் வந்து வரவேற்றார்.

1965-ல் பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்டது. அப்போது விக்ராந்த் பம்பாயில் பழுது பார்க்கும் துறையில் இருந்தது. கடலுக்குப் போகவே இல்லை. ஆனால் அதை மூழ்கடித்து விட்டதாகப் பாகிஸ்தான் தரப்பில் செய்தி பரப்பினார்கள். கரையில் நின்ற கப்பல் எப்படி மூழ்கும்? செய்தி பொய். ஆனாலும், 'யுத்தம் நடந்தபோது துறைமுகத்தில் நின்ற கப்பல்' என்ற மனக்குறை மாலுமிகளுக்கு இருந்தது.

பாய்லரில் விரிசல்!

அந்தக் குறையைத் தீர்க்கும் காலம் வந்தபோது, கப்பலுக்கே உடம்பு சரி இல்லை.

1970-ம் ஆண்டு ஜூன் மாதம் சோதனை செய்து பார்த்தார்கள். பாய்லர்களின் தண்ணீர் உருளைகளில் விரிசல்கள் தெரிந்தன. பற்றவைத்துச் சரி செய்யக்கூடிய விரிசல்கள் அல்ல அவை. மாற்று உருளைகள் இந்தியாவில் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் இருந்து வரவேண்டும். அதுவரை பாய்லரை மூட்டக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. மாதக்கணக்கில் கப்பல் அசையாமல் நின்றது.

1971 பிறந்தது. கிழக்கு பாகிஸ்தானில் கலவரம். லட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். யுத்த மேகம் சூழ்ந்தது. இந்தத் தடவையும் விக்ராந்த் துறைமுகத்தில் நிற்க வேண்டியதுதானா?

நிற்கக்கூடாது என்று கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் நந்தா முடிவு செய்தார். பாய்லரில் நீராவி அழுத்தத்தைக் குறைத்து, கப்பலை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. நல்ல நிலையில் மணிக்குச் சுமார் 45 கிலோ மீட்டர் ஓடக்கூடிய கப்பல் அது. இப்போது மணிக்குச் சுமார் 26 கிலோ மீட்டர்தான் என்று வரம்பு வைத்தார்கள்.

வேகம் குறைந்தால் என்ன கெட்டுப் போய்விடும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பட்டம் விடுகிற பையன் காற்றை எதிர்த்து ஓடுவான். அப்போதுதான் பட்டம் எழும்பும். விமானம் தாங்கிக் கப்பலும் அப்படித்தான். காற்று வீசும் திசையை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் விமானங்கள் சுலபமாக எழும்பும். கப்பல் வேகமாக ஓட முடியாவிட்டால், காற்றாவது நன்றாக வீச வேண்டும். களத்தில் தானியம் தூற்றுகிறவர் முறத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காற்றுக்காகக் காத்து நிற்பது போல, நடுக்கடலில் விக்ராந்த் காற்றுக்காகக் காத்து நின்ற நேரங்களும் உண்டு.

பாய்லர் அறையில் இருந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வானமும் தெரியாது, கடலும் தெரியாது. எதிரே இருப்பது விரிசல் விட்ட பாய்லர். அழுத்தத்தைக் காட்டும் முள்ளில்தான் கண் இருக்க வேண்டும். முள் கூடினால் ஆபத்து. குறைந்தால் மேலே விமானம் எழும்பாது. விமானிகளின் வீரத்தை நாடு பார்த்தது. அவர்களைப் பறக்க வைத்தவர்கள் வெயிலே படாத இடத்தில் வியர்வையில் நனைந்தவர்கள்.

நாகர்கோவில்காரரின் தந்திரம்

அந்த யுத்தத்தில் கிழக்குப் பிராந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். முன்பு விக்ராந்த் கப்பலுக்கே தளபதியாக இருந்தவர். அதன் பலமும் பலவீனமும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

விக்ராந்தை ஒழித்துக்கட்ட 'காஜி' என்ற நீர்மூழ்கிக் கப்பலைப் பாகிஸ்தான் அனுப்பியது. நவம்பர் 14-ந் தேதி அது கராச்சியில் இருந்து புறப்பட்டது. மெதுவாக ஓடும் விக்ராந்த் அதன் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை.

கிருஷ்ணன் ஒரு தந்திரம் செய்தார். விக்ராந்தை ரகசியமாக அந்தமான் பக்கம் அனுப்பி விட்டார். ஆனால் அது விசாகப்பட்டினத்திலேயே இருப்பது போல நாடகம் ஆடினார். 'ராஜபுத்' என்ற பழைய கப்பலை, விக்ராந்த் போல வேஷம் போடச் செய்தார். பெரிய கப்பலுக்குத் தேவையான அளவுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி எல்லாம் கடைத்தெருவில் வாங்க ஏற்பாடு ஆயிற்று. ஒற்றர்கள் பார்க்கட்டும் என்றே இப்படிச் செய்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். தாயாருக்கு உடம்பு மிகவும் மோசமாக இருக்கிறதே, எப்படி இருக்கிறார் என்று விக்ராந்த் மாலுமி ஒருவர் விசாரிப்பது போல ஒரு செய்தியை அனுப்பினார்கள். அதை ரகசியக் குறியீடு இல்லாமல் அனுப்பினார்கள். எதிரிகள் ஒட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கம்! மகன் தாயை விசாரிப்பதைவிட உண்மையாகத் தோன்றும் செய்தி வேறு என்ன இருக்கிறது? கிருஷ்ணன் தம்முடைய நினைவுகளை எழுதியபோது இந்தச் சம்பவங்களைச் சொல்லி இருக்கிறார்.

காஜி விசாகப்பட்டினத்தை நோக்கி வந்தது. டிசம்பர் 3-ந் தேதி நள்ளிரவை ஒட்டி ராஜபுத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. தண்ணீரில் சந்தேகப்படும்படி சலசலப்பு தெரிந்தது. உடனே நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டார்கள். சில நிமிடங்களில் பயங்கர வெடிச் சத்தம்! கரையில் கட்டிடங்களின் ஜன்னல்கள் அதிர்ந்தன. காஜி மூழ்கி விட்டது. ராஜபுத் போட்ட குண்டினால் மூழ்கியது என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. காஜி வைத்த கண்ணிவெடியே அதற்கு எமனாக முடிந்தது என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. எப்படியானாலும், அதில் இருந்த 93 பேரும் மாண்டார்கள். அவர்களுக்கும் தாய்மார்கள் இருந்தார்கள்.

டிசம்பர் 4-ந் தேதி விக்ராந்த் கப்பலில் இருந்து 'சீ ஹாக்' விமானங்கள் பாய்ந்தன. காக்ஸ் பஜார், சிட்டகாங் ஆகிய இடங்களைத் தாக்கின. அடுத்தடுத்த நாட்களில் மற்ற துறைமுகங்களும் தாக்கப்பட்டன. கிழக்கு பாகிஸ்தானுக்குக் கடல் வழி அடைபட்டது. டிசம்பர் 16-ந் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரண் அடைந்தது. வங்காள தேசம் பிறந்தது. சரண் பத்திரத்தில் கையெழுத்தாகும் காட்சியைக் காட்டும் புகழ்பெற்ற புகைப்படத்தில், பின்வரிசையில் வெள்ளை உடையில் கிருஷ்ணன் நிற்பதைப் பார்க்கலாம்.

விக்ராந்தைச் சேர்ந்தவர்களுக்கு 2 மகாவீர் சக்கரங்களும் 12 வீர் சக்கரங்களும் கிடைத்தன.

திரும்பி வராத கப்பல்

ஓய்வு பெறும் பாக்கியம் எல்லாக் கப்பலுக்கும் கிடைப்பது இல்லை.

அதே யுத்தத்தில், டிசம்பர் 9-ந் தேதி இரவு, அரபிக் கடலில் 'குக்ரி' என்ற இந்தியக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். கப்பல் தளபதி மகேந்திரநாத் முல்லா மற்றவர்களைத் தப்பிக்கச் சொல்லி விட்டு, தாம் கப்பலோடு மூழ்கினார். குக்ரிக்கு ஓய்வு விழா நடக்கவில்லை. கொடி இறக்கவும் ஆள் இல்லை.

அதனால்தான், ஒரு பழைய கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்து ஓய்வு பெறும் நாளில், அதில் வேலை பார்த்தவர்களின் கண்கள் கலங்குகின்றன. அது துக்கம் மட்டும் அல்ல. பத்திரமாக வந்து சேர்ந்தோமே என்ற நிம்மதியும் அதில் இருக்கிறது.

தண்ணீருக்கு நடுவே தண்ணீர்ப் பஞ்சம்

ஓய்வு பெற்ற மாலுமி ஊருக்கு வந்தால், குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து கொள்வார்கள். 'தாத்தா, கப்பல் முங்கிப் போகாதா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றி.

பெரியவர்களுக்கு ஆச்சரியம் தருவது வேறு ஒன்று. அது தண்ணீர் விஷயம்.

கப்பலைச் சுற்றி எங்கும் தண்ணீர். ஆனால் ஒரு சொட்டும் குடிக்க முடியாது. கடல் நீரைக் காய்ச்சி, உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீர் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த தண்ணீரிலும் பாய்லருக்குப் போகத்தான் மீதி மனிதனுக்கு. பாய்லருக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. பாய்லர் நின்றால் கப்பல் நின்று விடும். ஆகவே குளியலுக்கும் துணி துவைக்கவும் அளவு உண்டு.

இதை எம்.ரெட்டியபட்டிப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியது இல்லை. கோடைக் காலத்தில் குடத்தோடு நடந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி விட்டு, மிச்சத்தில் வீட்டுக் காரியத்தைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. கரிசல் காட்டில் பிறந்த பையனுக்குக் கப்பல் புதிதாக இருக்கலாம். தண்ணீரை அளந்து செலவழிப்பது புதிது அல்ல.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மாலுமிக்கும் கப்பலைப் போலவே சீக்கிரம் ஓய்வு வந்து விடுகிறது. பதினெட்டு வயதில் சேர்ந்தவர், 15 ஆண்டு வேலை பார்த்துப் பென்ஷன் பெற்றுத் திரும்பினால், அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்றுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் இருப்பார்கள். அவர் இன்னொரு வேலை தேட வேண்டும். அல்லது நிலத்தைப் பார்க்க வேண்டும். கப்பலில் இருந்து இறங்கியதும் வாழ்க்கை முடிந்து விடுவது இல்லை. பாதி வாழ்க்கை பாக்கி இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருப்பது இப்படிப்பட்டவர்களுக்கு உதவுவதற்காகத்தான்.

காப்பாற்ற முடிந்ததா?

1971-க்குப் பிறகு விக்ராந்துக்குப் புது பாய்லர்கள் பொருத்தினார்கள். பின்னர் 'சீ ஹாரியர்' என்ற புதிய ரக விமானங்களும் வந்தன. ஆனால் வயதை யாரால் தடுக்க முடியும்? 1997-ல் கொடி இறங்கியது.

அதைக் காட்சிசாலை ஆக்கினார்கள். மும்பையில் மக்கள் ஏறிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் கடல் நீரில் நிற்கும் இரும்பைத் துரு தின்னும். வர்ணம் பூச வேண்டும். ஓட்டை அடைக்க வேண்டும். நீர் புகுந்தால் இறைக்க வேண்டும். நிற்கும் கப்பலுக்கும் தீனி போட்டே ஆக வேண்டும். அதற்குப் பெரும் பணம் தேவைப்பட்டது. நிரந்தரக் காட்சிசாலை ஆக்கும் திட்டங்கள் பணம் இல்லாமல் நின்றன. 2012-ல், பார்வையாளர்களுக்கு ஆபத்து என்று காட்சிசாலையை மூடினார்கள்.

ஏலம் நடந்தது. உடைக்கக்கூடாது என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. நவம்பர் 22-ந் தேதி மும்பை தாருகானாவில் உடைக்கும் வேலை தொடங்கியது.

அதற்கு அடுத்து ஓய்வு பெற்ற விமானம் தாங்கிக் கப்பல் 'விராட்'. 2017-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி அதன் கொடி இறங்கியது. அதுவும் குஜராத்தில் உள்ள அலங்கில், கப்பல் உடைக்கும் கடற்கரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

பழைய கப்பலைக் காப்பாற்றவே முடியாதா? முடியும். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 'இன்ட்ரெபிட்' என்ற விமானம் தாங்கிக் கப்பல் 1982 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. நம் நாட்டிலேயே, விசாகப்பட்டினம் கடற்கரையில் 'குர்சுரா' என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரைக்கு இழுத்து வைத்து, 2002 முதல் மக்களுக்குக் காட்டி வருகிறார்கள். தண்ணீரை விட்டுக் கரையேறிய கப்பல் பிழைத்தது. தண்ணீரிலேயே நின்ற பெரிய கப்பல் பிழைக்கவில்லை. பிழைக்க வைக்க யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு, ஓய்வு பெறும் நாளிலேயே பதில் தேடி இருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்துத் தேடினால் துரு காத்திருக்காது.

பெயர் சாகவில்லை

விக்ராந்தின் இரும்பு பல இடங்களுக்குப் போயிற்று. அதில் ஒரு பகுதியை உருக்கிச் சேர்த்து, 2016-ல் பஜாஜ் கம்பெனி 'வி' என்ற மோட்டார் சைக்கிளைச் செய்தது. அதே ஆண்டு மும்பையில் விக்ராந்தின் இரும்பைக் கொண்டு ஒரு நினைவுச் சின்னமும் எழுந்தது.

பெயரும் திரும்பி வந்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி கொச்சியில் புதிய 'விக்ராந்த்' கடற்படையில் சேர்ந்தது. அதன் நீளம் 262 மீட்டர். பழைய விக்ராந்த், அயல்நாட்டார் பாதியில் விட்ட கப்பல், நாம் வாங்கியது. புதிய விக்ராந்த் நம் நாட்டிலேயே திட்டமிட்டு, நம் நாட்டு எஃகால் கட்டியது. யுத்தம் வரும் நேரத்தில் ஒரு பாய்லர் உருளைக்காகக் கடல் கடந்து காத்திருந்த நாடு, ஐம்பது ஆண்டுகளில் கண்டிருக்கும் வளர்ச்சி இது.

ஆண்டுதோறும் டிசம்பர் 4-ந் தேதி கடற்படை தினம். டிசம்பர் 7-ந் தேதி கொடிநாள். 1949 முதல் கொடிநாள் நடந்து வருகிறது. அன்று பள்ளிக்கூடங்களில் சின்னக் கொடி ஒன்றைக் கொடுத்து நிதி திரட்டுவார்கள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று அதில் மூன்று நிறங்கள். சிவப்பு தரைப்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. நடுவில் உள்ள கருநீலம் கடற்படைக்கு.

கப்பல்களை உடைத்து விடலாம். அவற்றில் உழைத்தவர்களும், உழைத்து மாண்டவர்களின் குடும்பங்களும் நம்மோடு இருக்கிறார்கள். கொடிநாள் நிதி அவர்களுக்குத்தான் போகிறது. பிள்ளைகள் வீட்டில் வந்து காசு கேட்டால், 'எதற்கு?' என்று கேட்க வேண்டாம்.